மூடிய வளையம்: பழைய குளிர்பதனப் பெட்டியும் அதைப் பழுதுபார்த்தலின் வரலாறும்



மொழி மன்றத்தின் மேடையில் குளிர்பதனப் பெட்டிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். கல்வெட்டுக்கு வரலாறு உண்டு, காப்பியத்துக்கு வரலாறு உண்டு. சமையலறை மூலையில் முனகிக்கொண்டு நிற்கும் இரும்புப் பெட்டிக்கும் வரலாறு உண்டு. அதைப் பயன்படுத்துவோர் அவ்வரலாற்றை அறிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் எண்பது தொண்ணூறு ஆண்டுப் பழமையுடைய பெட்டி ஒன்றை வீட்டில் வைத்துச் செப்பனிட முனைபவர் அதை அறியாமல் திருப்புளியைக் கையில் எடுக்கலாகாது. எது கெட்டுப்போயிற்று என்று கேட்பதற்கு முன்னர், இதனுள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டாக வேண்டும். அக்கேள்விக்கு விடை, அப்பெட்டி எந்த ஆண்டில் பிறந்தது என்பதில் அடங்கியிருக்கிறது.

முதலில் பெயரைப் பற்றிச் சில சொற்கள். ஏட்டுத் தமிழில் குளிர்சாதனப் பெட்டி என்றும் குளிர்பதனப் பெட்டி என்றும் இரு வழக்குகள் உள்ளன. பதனம் என்னும் சொல்லுக்குக் கவனம், பாதுகாப்பு என்னும் பொருள்கள் உண்டு. குளிரால் கெடாமல் காத்துவைக்கும் பெட்டி என்னும் பொருள் அதில் தெளிவாக அமைவதால் நான் இரண்டாவதையே விரும்புகிறேன். ஆயினும் இம்மண்ணில் நம் வீடுகளில் வழங்கிவருவது ஐஸ் பெட்டி என்பதே. மலாய் மொழியினர் பெத்தி செஜுக் என்பர். அந்தப் பெத்தி நம்முடைய பெட்டியேதான். கடை கெடையாகவும் கப்பல் காப்பாலாகவும் கடல் கடந்து சென்றதைப் போலவே பெட்டியும் பெத்தியாகிக் குடியேறியது. ஆகவே பெயரளவிலேனும் இப்பொருள் நம் ஆராய்ச்சி எல்லைக்குள் வந்துவிடுகிறது.

ஐஸ் பெட்டி என்னும் பெயர் வெறும் உவமையன்று. மின்பொறி வருவதற்கு முன்பு பல நாடுகளில் வீடுகளிலும் கடைகளிலும் இருந்தது உண்மையிலேயே பனிக்கட்டி வைத்த மரப்பெட்டிதான். உள்ளே துத்தநாகத் தகடு, இடையே தக்கை அல்லது மரத்தூள், மேலறையில் பனிக்கட்டிப் பாளம், கீழே உருகும் நீருக்கு ஒரு தட்டு. அந்தப் பனிக்கட்டி ஒருகாலத்தில் வெகுதொலைவிலிருந்து வந்தது. போஸ்டன் நகர வணிகர் ஃபிரடெரிக் டியூடர் 1806இல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். 1833இல் அவருடைய கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணத்தின் முடிவில் ஏறத்தாழ 100 டன் கரையாமல் மிஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் அவ்வணிகத்தின் சேமிப்புக் கிடங்கே. பின்னாளில், 1897இல், விவேகானந்தர் தங்கியதால் அது வேறு பெயர் பெற்றது. சிங்கப்பூரில் வாம்போ என்று அறியப்பட்ட சீன வணிகர் ஹூ ஆ கே, 1854இல் ஆற்றங்கரையில், இன்று கிளார்க் கீ என வழங்கும் பகுதியில், ஒரு பனிக்கட்டிக் கிடங்கைக் கட்டுவித்தார். வாங்குவோர் போதாமையால் அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1903இல் சிங்கப்பூர் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் தோன்றியபோது குளிர் என்பது ஏரியிலிருந்து வெட்டியெடுக்கும் பொருளாக இல்லாமல் பொறியால் ஆக்கப்படும் பொருளாகியிருந்தது.

பொறி எவ்வாறு குளிரை ஆக்குகிறது? உண்மையில் அது குளிரை ஆக்குவதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகிறது. எளிதில் ஆவியாகும் நீர்மம் ஒன்று ஒரு குழாய்க்குள் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆவியை அமுக்கினால் அது சூடேறும். சூட்டை வெளிக்காற்றில் இழந்து மீண்டும் நீர்மமாகும். பிறகு குறுகிய வழியொன்றின் ஊடாக அதை மெல்ல விட்டால் அழுத்தம் குறைந்து மறுபடி ஆவியாகும். லண்டனில் வாழ்ந்த ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834இல் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி, பின்புறத்துக் கறுப்புக் குழாய்ச்சுருளான ஒடுக்கி, நுண்குழாய் அல்லது மிதவைக் கதவு, உள்ளே உறைபனி படியும் ஆவியாக்கி ஆகிய நான்குமே இன்றும் நம் வீட்டுப் பெட்டியின் உறுப்புகள். இந்நான்கும் சேர்ந்த வளையத்துக்குள் ஒரே பொருள் சுற்றிச் சுற்றி வருகிறது.

இங்கே ஒரு வழக்குச் சொல்லைத் திருத்திக்கொள்ள வேண்டும். பெட்டி குளிரவில்லை என்றால் "கேஸ் தீர்ந்துவிட்டது, கேஸ் போட வேண்டும்" என்பர். அடுப்பு எரிவாயுவைப் போல இது தீர்ந்துபோகும் பொருள் இல்லை. வளையம் மூடியிருக்கும் வரையில் ஐம்பது ஆண்டானாலும் ஒரு துளி குறையாது. குறைந்திருந்தால் எங்கேனும் ஓட்டை விழுந்திருக்கிறது என்பது பொருள். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவது பொத்தல் குடத்தில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

திறந்த பொறியின் காலம்

வீட்டுக்கான முதல் மின்பொறிகள் அமெரிக்காவில் 1910களில் தோன்றின. சிகாகோவில் ஃபிரெட் உல்ஃப் 1913இல் விற்பனைக்குக் கொணர்ந்த டோமெல்ர், ஏற்கெனவே வீட்டிலிருந்த ஐஸ் பெட்டியின் தலைமேல் ஏற்றி வைக்கும் பொறியாக இருந்தது. வெப்ப இயக்கவியல் அறிஞர் கெல்வின் பிரபுவின் பெயரைத் தாங்கிய கெல்வினேட்டரும், ஃப்ரிஜிடேரும் அடுத்தடுத்து வந்தன. இவற்றில் மின்னோடி தனியாகவும் அமுக்கி தனியாகவும் இருந்தன. இரண்டையும் தோல்வார் இணைத்தது. அமுக்கியின் சுழல்தண்டு வளையத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். அந்தத் துளையில்தான் தொல்லை அத்தனையும் குடியிருந்தது. தண்டு சுழலச் சுழல அடைப்பு தேயும். தேயத் தேய வாயு கசியும். வார் தளரும், எண்ணெய் ஒழுகும். பொறியாளர் அடிக்கடி வந்துபோகாமல் இவை ஓடுவதில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்டீவன்சன் 1923இல் எழுதிய உள்ளறிக்கை அக்காலத்து வீட்டுப் பொறிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, இத்தொழிலில் இறங்குவது தகும் என்று தம் நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தது.

கசிந்த வாயு எது என்பதுதான் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அந்நாளில் பெரும்பாலும் மூன்று பொருள்கள் வழங்கின. பெரிய ஆலைகளில் அம்மோனியா. வீடுகளில் கந்தக டை ஆக்சைடு, மீதைல் குளோரைடு. கந்தக டை ஆக்சைடு சிறிது கசிந்தாலும் கண் எரியும், தொண்டை அடைக்கும். அந்தக் கொடுமையே அதன் நன்மையும் ஆயிற்று. உறங்குபவரையும் அது எழுப்பி ஓடச் செய்துவிடும். மீதைல் குளோரைடோ இலேசான இனிய மணமுடையது. மூக்கு அதைப் பகையென்று உணர்வதில்லை. 1920களின் இறுதியில் சிகாகோவின் அடுக்குமாடி வீடுகளில் அது கசிந்து உயிர்களைப் பறித்தது. பெர்லினில் நஞ்சு வாயு கசிந்து ஒரு குடும்பமே மாண்ட செய்தியை நாளிதழில் படித்த ஐன்ஸ்டைன், இளைஞரான லியோ சிலார்டுடன் சேர்ந்து, அசையும் உறுப்புகளும் தேயும் அடைப்புகளும் இல்லாத குளிர்பொறி ஒன்றை உருவாக்க முனைந்தார். அவர்களுக்கு 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. உலகின் தலைசிறந்த இயற்பியலாளர் சமையலறைக் கசிவைப் பற்றிப் பல ஆண்டுகள் சிந்தித்தார் என்பதை நாம் வியப்புக்குரிய துணுக்காக மட்டும் எடுத்துக்கொள்வது சரியாகாது. அக்கசிவு அவ்வளவு பெரிய இடராக இருந்தது. அவர்களுடைய பொறி கடைக்கு வரவில்லை.

கோபுரம் தாங்கிய பெட்டி

கசிவுக்கு விடை வேறோர் இடத்திலிருந்து வந்தது. மார்செல் ஓதிஃப்ரென் என்னும் பிரெஞ்சுத் துறவி, மின்னோடியின் தண்டு வளையத்தைத் துளைக்காதபடி அமுக்கியை முழுவதுமாக மூடிவைக்கும் வழியொன்றைக் கண்டிருந்தார். அவருடைய பொறியை ஜெனரல் எலெக்ட்ரிக் 1911 முதல் சிறிதளவில் செய்துவந்தது. டென்மார்க்கில் பிறந்த கிறிஸ்டியன் ஸ்டீன்ஸ்ட்ரப் அக்கருத்தை மேலும் ஒரு படி கொண்டுசென்றார். அமுக்கியை மட்டுமின்றி மின்னோடியையும் அதே எஃகுக் கூட்டுக்குள் வைத்துப் பற்றவைத்து மூடிவிட்டார். சுவரைக் கடந்து வெளியே வருபவை அசையாத மின்கம்பிகள் மட்டுமே. தேய்வதற்கு அடைப்பே இல்லை. 1927இல் வெளிவந்த அப்பெட்டியின் உச்சியில் உருண்டையான பொறிக்கூடு வீற்றிருந்தது. உள்நாட்டுப் போரில் 1862இல் பொருத மானிட்டர் என்னும் இரும்புக் கப்பலின் பீரங்கிக் கோபுரத்தை அது நினைவூட்டியதால் மக்கள் அதை மானிட்டர் டாப் என்றனர். பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. அவற்றுள் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழம்பெட்டி ஆர்வலர்கள் தேடிச் செப்பனிடுவனவற்றுள் முதலிடம் இதற்கே.

பழுதுபார்ப்பின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். அமுக்கி, ஒடுக்கி, ஆவியாக்கி ஆகிய அனைத்தும் ஒரே அலகாய் மேலிருந்து தொங்கும். கெட்டுப்போனால் அந்த அலகையே தூக்கி எடுத்துவிட்டு வேறொன்றை இறக்குவார்கள். வீட்டில் வைத்து உள்ளே கைவைக்கும் வேலை அறவே இல்லை. திருகாணி முடுக்கி வார் மாற்றும் கைவினைஞரின் காலம் போய், முழு அலகை மாற்றும் காலம் அங்கே தொடங்குகிறது. இன்று எந்தப் பொருளையும் திறக்க முடியாமல் ஒட்டி விற்கிறார்கள் என்று நாம் குறைகூறுகிறோம். அக்குறையில் நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கூடு மூடப்பட்டது வாடிக்கையாளரை விலக்கி வைப்பதற்காக மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. மூடியதால் வீட்டார் உயிர் பிழைத்தனர். மூடியதால்தான் தொண்ணூறு ஆண்டு கழித்தும் அந்த வளையம் சிந்தாமல் இருக்கிறது.

இன்று ஒருவர் கையில் மானிட்டர் டாப் வந்து சேர்ந்தால் அதன் பெயர்த்தகட்டைத்தான் முதலில் படிக்க வேண்டும். பழைய வகைகளில் இருப்பது கந்தக டை ஆக்சைடு. 1930களின் சில வகைகளில் இருப்பது மீதைல் ஃபார்மேட். இரண்டும் வெவ்வேறு இயல்பின. கந்தக டை ஆக்சைடு உலர்ந்திருக்கும் வரையில் எஃகை ஒன்றும் செய்யாது. ஈரக்காற்று உள்ளே நுழைந்தால் அமிலமாகி உறுப்புகளை அரிக்கத் தொடங்கும். ஆகவே ஓடுகிற வளையத்தை 'சோதித்துப் பார்க்கலாம்' என்று திறப்பது அதைக் கொல்வதற்குச் சமம். மீதைல் ஃபார்மேட்டின் கொதிநிலை ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ். ஆதலால் ஆவியாக்கியின் பக்கம் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே இயங்கும். அங்கே ஓட்டை விழுந்தால் வாயு வெளியே போவதில்லை. காற்று உள்ளே வருகிறது. பெட்டி ஓயாமல் ஓடும், சூடேறும், குளிராது. மூக்கில் எந்த மணமும் படாது. நோய்க்குறியைக் கொண்டு நோயை ஊகிப்பவருக்கு இவ்வேறுபாடு தெரியாவிட்டால் நாள் முழுவதும் தேடினாலும் கசிவு அகப்படாது.

வளையத்தைத் தொடாமல் செய்யத்தக்க வேலைகள் ஏராளம். பழம்பெட்டியில் முதலில் அழிவது மின்கம்பியின் உறை. பருத்தி நூலும் ரப்பரும் சுற்றிய அவ்வுறை காலத்தால் உலர்ந்து, விரல் பட்டாலே பொடியாய் உதிரும். அந்நாளைய பெட்டிகள் பலவற்றுக்கு நிலத்தொடர்புக் கம்பியே கிடையாது. உறை உதிர்ந்த கம்பி இரும்பு உடலைத் தொட்டால், ஈரக்கையுடன் கைப்பிடியைப் பற்றுபவர் மின்தாக்குக்கு ஆளாவார். எனவே மூன்று கம்பியுள்ள புதிய வடத்தைப் பொருத்தி, பெட்டியின் உடலை நிலத்துடன் இணைத்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். நம் நாடுகளில் இன்னொன்றும் உண்டு. அமெரிக்கப் பெட்டி 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது. இங்கே வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. மின்னோடியின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். அதே 115 வோல்ட்டைக் கொடுத்தால் இரும்புள்ளகம் தெவிட்டி மின்னோடி காயும். வோல்ட்டையும் அதே விகிதத்தில், ஏறத்தாழ 96 அளவுக்கு, இறக்கிக் கொடுப்பதே முறை.

பெட்டி ஓடாவிட்டால் அமுக்கி எரிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டிவிடுவோர் பலர். மூடிய கூட்டிலிருந்து மூன்று முனைகள் வெளியே வந்திருக்கும்: பொதுமுனை, ஓட்டமுனை, தொடக்கமுனை. மின்தடைமானியை வைத்து அளந்தால், பொதுமுனைக்கும் ஓட்டமுனைக்கும் இடையே குறைந்த தடையும், பொதுமுனைக்கும் தொடக்கமுனைக்கும் இடையே அதனினும் மிகுந்த தடையும், எஞ்சிய இரண்டுக்கும் இடையே அவ்விரண்டின் கூட்டுத்தொகையும் வர வேண்டும். 4 ஓம், 12 ஓம் என்றால் மூன்றாவது 16. இக்கணக்குச் சரியாக வந்து, எந்த முனைக்கும் கூட்டின் இரும்புக்கும் தொடர்பு இல்லையெனில் சுருள்கள் நலமே. குற்றம் பெரும்பாலும் வெளியே உள்ள தொடக்க ரிலேயிலோ வெப்பநிலைக் கட்டுப்பாட்டிலோ இருக்கும். இவை இரண்டும் எளிதில் மாற்றத்தக்கவை. கதவோர ரப்பர் இறுகிப் போயிருக்கிறதா என்பதை அறிய ஒரு வெள்ளி நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் போதும். நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தால் நம் ஊரின் ஈரக்காற்று இரவும் பகலும் உள்ளே புகுந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

தீயால் குளிரும் பெட்டி

இதே பத்தாண்டில் சுவீடனில் வேறொரு பொறி பிறந்தது. ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கழக மாணவர்களான பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும் 1922இல் ஆக்கிய பெட்டிக்கு அமுக்கியும் இல்லை, மின்னோடியும் இல்லை. ஒரு சிறு சுடர் போதும். அம்மோனியா கலந்த நீரைச் சுடர் காய்ச்சுகிறது. பிரிந்தெழும் அம்மோனியா குளிர்ந்து நீர்மமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் இறங்கி ஆவியாகிறது. பின்பு நீரில் மீண்டும் கரைகிறது. வளையம் முழுவதும் ஒரே அழுத்தம். எலெக்ட்ரோலக்ஸ் 1925இல் இதைக் கைப்பற்றியது. அமெரிக்காவில் சர்வெல் நிறுவனம் செய்து விற்றது. மின்கம்பி எட்டாத இடங்களுக்கு இதுவே ஏற்ற பெட்டி. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் துரை பங்களாவின் சமையற்கட்டில் பனிக்கட்டி ஆக்கியது மண்ணெண்ணெய்ச் சுடர். லயத்து வீட்டில் பிள்ளைகள் படிக்க வெளிச்சம் தந்ததும் மண்ணெண்ணெய்ச் சுடரே. ஒரே எண்ணெய் இரண்டு வீடுகளில் செய்த இருவேறு வேலைகளைத் தோட்டத்து வாழ்வை எழுதுவோர் என்றேனும் எழுத வேண்டும்.

இப்பெட்டியைப் பழுதுபார்க்கும் கலை முற்றிலும் வேறானது. நீர்மங்கள் தம் எடையால் மட்டுமே ஒழுகுவதால் பெட்டி இம்மியும் சாயாமல் நிற்க வேண்டும். திரியை ஒழுங்காக வெட்டிச் சுடரை நீலமாக வைக்க வேண்டும், புகைக்குழாயைத் துடைக்க வேண்டும். குளிர் நின்றுபோன பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சில மணி நேரம் வைத்து நிமிர்த்தும் வைத்தியம் ஒன்றும் உண்டு. உள்ளே தேங்கிப் பிரிந்த நீர்மங்கள் மீண்டும் கலந்துவிட்டால் பெட்டி உயிர்பெறும். மந்திரம் போலத் தோன்றும் இதற்குப் பின்னால் இருப்பது எளிய இயற்பியலே.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், 1983இல் வெளியிட்ட நூலில், எரிவாயுப் பெட்டி பொறியில் தோற்கவில்லை, பணத்தில் தோற்றது என்று வாதிட்டார். மின்பெட்டிக்குப் பின்னால் பெருநிறுவனங்களின் முதலீடும் விளம்பரமும் நின்றன என்பது அவருடைய முடிவு. பெரும்பகுதி சரியே. ஆயினும் பழுதுபார்ப்பவரின் பக்கமிருந்து நோக்கினால் ஒரு குறை தெரிகிறது. சுடர் கெட்டால் அது கார்பன் மோனாக்சைடைக் கக்கும். மணமில்லாத அந்த வாயு மூடிய அறையில் உயிரைக் குடிக்கும். 1933 முதல் 1957 வரை செய்யப்பட்ட சர்வெல் எரிவாயுப் பெட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பிற்காலத்தில் எச்சரித்தது அதனால்தான். அசையும் உறுப்பு இல்லாத பொறி எந்தப் பராமரிப்பும் வேண்டாததென்று வீட்டார் நம்பிவிட்டதில் வந்த வினை அது.

நஞ்சற்ற நஞ்சு

அமுக்கிப் பெட்டிக்கு நஞ்சில்லாத வாயு ஒன்றைத் தேடியவர் தாமஸ் மிட்ஜ்லி. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்காக அவரும் தோழர்களும் 1928இல் குளோரோஃபுளோரோகார்பன் ஒன்றை உருவாக்கினர். 1930இல் அட்லாண்டாவில் வேதியியலாளர் கூட்டத்தில் அவ்வாயுவை அவர் நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவத்திச் சுடரின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீப்பற்றுவதும் இல்லை என்பதற்கு ஒரே மூச்சில் இரண்டு சான்றுகள். ஃபிரியான் 12 என்று பெயர்பெற்ற அப்பொருள் அடுத்த ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக வீட்டுப் பெட்டிகளை ஆண்டது. நம் பெற்றோரும் பாட்டிமாரும் தவணையில் வாங்கிய ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் ஓடியதும் பெரும்பாலும் இதுவே.

வாயு தீங்கற்றது என்னும் நம்பிக்கை பழுதுபார்ப்பின் ஒழுக்கத்தையே மாற்றிவிட்டது. கந்தக டை ஆக்சைடைக் காற்றில் விட எவரும் துணியார். ஃபிரியானை வெட்டிவிட்டால் 'உஸ்' என்ற ஓசையோடு போய்விடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஓட்டையை அடைக்காமலே ஆண்டுதோறும் வாயு நிரப்பும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. போன வாயு எங்கே போயிற்று என்று மாரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் கேட்டனர். மேல்வளிமண்டலத்தை அடைந்து ஓசோனை அழிக்கிறது என்பது அவர்கள் கண்ட விடை. 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் குறைந்து கிடப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சிங்கப்பூரும் மலேசியாவும் 1989இல் அதில் இணைந்தன. ஓசோன் ஒருபுறமிருக்க, ஃபிரியான் 12 வெப்பத்தைத் தேக்குவதில் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு வலியது. ஒரு பெட்டியில் 150 கிராம் இருப்பதாகக் கொண்டால், அதைக் காற்றில் விடுவது ஒன்றரை டன் கரியமில வாயுவை விடுவதற்கு நிகர். மிட்ஜ்லியின் மூச்சுக்கு இரண்டு சான்றுகள் போதவில்லை.

அதற்குப் பின்வந்தது 134ஏ. பிறகு, 1993இல் கிழக்கு ஜெர்மானியப் பகுதியின் ஃபோரன் நிறுவனம் கிரீன்பீஸ் இயக்கத்தின் தூண்டுதலோடு ஐசோபியூட்டேன் கலந்த வாயு நிரப்பிய பெட்டிகளைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இன்று கடையில் வாங்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஐசோபியூட்டேனே. அது ஓசோனுக்கு நல்லது, ஆனால் தீப்பற்றும். இதைக் கேள்வியுற்றுப் பழைய ஃபிரியான் பெட்டிக்குள் சமையல் எரிவாயுவை நிரப்பிப் பார்க்கும் துணிச்சல்காரர்களும் உளர். புதிய பெட்டி, சிறிதளவே வாயு நிரப்பி, பொறி பறக்கும் ஆளிகளை வாயு எட்டாதபடி அமைத்துச் செய்யப்பட்டது. பழைய பெட்டியின் வெப்பநிலை ஆளியோ உள்ளறையிலேயே பொறி தெறிக்க இயங்கும். கசிவும் பொறியும் மூடிய பெட்டிக்குள் சந்தித்தால் கதவு எங்கே போய் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கத்தியைப் பற்றியும் ஒரு சொல். 1960களுக்குப் பிந்தைய ஒற்றைக் கதவுப் பெட்டிகளின் மேலறை மெல்லிய அலுமினியத் தகடு. வாயு ஓடும் வழி அத்தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. உறைபனியைப் பெயர்க்கக் கத்தியால் குத்தியதால் மாண்ட பெட்டிகள் அமுக்கி தேய்ந்து மாண்டவற்றுக்குக் குறைந்தவை அல்ல என்பது என் கணிப்பு. மின்சாரத்தை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால் நம் வெயிலுக்குச் சில மணி நேரத்தில் தானே உருகிவிடும். அந்தப் பொறுமை இருந்திருந்தால் பல பெட்டிகள் இன்றும் பிழைத்திருக்கும்.

தாழ்ப்பாள்

இறுதியாக, பொறியோடு தொடர்பில்லாத ஓர் உறுப்பு. பழைய பெட்டிகளின் கதவில் கனத்த தாழ்ப்பாள் இருக்கும். வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்தால்தான் அது திறக்கும். உள்ளிருந்து தள்ளினால் திறக்காது. பயன்படாமல் கொல்லையில் போட்ட பெட்டிக்குள் கண்ணாமூச்சி ஆடப் புகுந்த குழந்தைகள் மூச்சடைத்து மாண்ட நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் தொடர்ந்தன. காற்றுப் புகாமல் காப்பதே அக்கதவின் பெருமை. தடித்த சுவருக்குள் குழந்தையின் அழுகை வெளியே கேட்பதும் இல்லை. 1956இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 1958 அக்டோபர் இறுதி முதல் செய்யப்படும் எந்தப் பெட்டியும் உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும். ரப்பருக்குள் காந்தம் பொதிந்த கதவு அதன்பின் பொதுவழக்காயிற்று. இன்று நாம் ஒரு விரலால் இழுத்துத் திறக்கும் கதவு அந்தக் குழந்தைகளின் பொருட்டு வந்த கதவு.

பழம்பெட்டியைச் செப்பனிடுவோரில் சிலர் தாழ்ப்பாளின் பழைய ஒலியை விரும்பி, குரோமியம் பூசி மீண்டும் பொருத்துகிறார்கள். அவ்வழகை நான் மறுக்கவில்லை. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதைப் பொருத்தலாகாது. கைப்பிடியை விட்டுவிட்டு நாக்கை மட்டும் கழற்றி, உள்ளே காந்தப் பட்டை ஒட்டிவிடலாம். செப்பனிட முடியாதென்று கைவிட்ட பெட்டியாயின் அன்றைக்கே கதவைக் கீல்களோடு கழற்றிச் சுவரில் சாய்த்துவிட வேண்டும். பிறகு தகுதிபெற்ற தொழிலாளர் ஒருவரை அழைத்து, வளையத்தில் எஞ்சிய வாயுவைக் காற்றில் விடாமல் உருளையில் ஏற்றச் செய்ய வேண்டும். அமுக்கியின் எண்ணெயிலும் வாயு கரைந்திருக்கும் என்பதால் அதையும் தனியே வடித்தெடுக்க வேண்டும். எஞ்சுவது எஃகும், தக்கையும், ஒரு பெயர்த்தகடும். அந்தத் தகட்டில் ஆண்டும் வாயுவின் பெயரும் எடையும் பொறித்திருக்கும்.